கார்டுக்கு வைத்த சந்தனம்

விஜயதசமி, இரவு.

ஆறு மாதம் தேடி வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்டை, இன்று பூஜையிலிருந்து எடுத்துத் தன் பழைய கம்ப்யூட்டரில் செருகினாள் மகள் செல்வி. திரையில் படம் வரவில்லை. ஒரு நீளச் சத்தமும் இரண்டு குட்டைச் சத்தமும்தான் வந்தன. கார்டு வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

உடனே கார்டு விற்ற கேரளாக்காரருக்குப் போன் போட்டு, மலையாளத்தில் கள்ளன் என்றே சொல்லிவிட்டாள். ஓட்டிப் பார்த்துத்தான் தந்தேன் என்று அவர் கெஞ்சியது எனக்கும் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் செல்வியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மக்களே, அந்தாளு கள்ளன் இல்ல. கார்டுக்க அடியில பல்லு பல்லா தங்கம் போல மின்னுச்சு. நேத்துப் பூஜையில சந்தனத்த அங்கதான் வச்சேன்."

"அய்யோ அப்பா! வேற எடமே கெடைக்கலியா?"

"அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. காய்ந்த சந்தனத்தை ரப்பரால் தேய்த்தெடுத்து மறுபடி செருகினாள். திரையில் ஓர் உருண்டை சுழன்றது. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். யாரும் முன்பே வரைந்து வைத்ததில்லையாம். நொடிக்கு நொடி அந்தக் கார்டே வரைகிறதாம். முதியோர் வகுப்பில் 'அ' போட எனக்கு ஒரு வாரம் ஆனது. கை தானாகக் கும்பிட்டது.

பிறகு செல்வி மறுபடி போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, என்னிடம் நீட்டினாள். தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"இப்போ ஓடுதா?" என்று மட்டும் கேட்டார்.

ஓடுகிறது என்றேன். அந்தப் பக்கம் அவர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.