தோல்வாருக்குப் பிறகு வந்த கொக்கி

அக்கா,

இன்று போடி கடைவீதியில் தோட்டத்துத் துரையின் சாமான்களை ஏலம் விட்டார்கள். அவர் சீமைக்கே போய்விட்டார். கூட்டமெல்லாம் அந்த மடக்கு சைக்கிளைச் சுற்றித்தான். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் அதை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார். "எம்புட்டு அருமையா மடங்குது பாருங்கண்ணே!" எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் ஒதுங்கிப் போய் நின்றேன். அவர்கள் மெச்சியது இரண்டாவது வண்டியை. நீ சுமந்தது முதல் வண்டி.

துரை மலையடிவாரத்துக் குரங்கணிவரை அதை மிதித்து வருவார். அங்கே அவருக்கு மட்டக்குதிரை காத்திருக்கும். நடுவில் கீல் வைத்த அந்தச் சைக்கிளை இரண்டாக மடக்கி, தோல்வாரால் இறுக்கிக் கட்டி, உன் தலையில் ஏற்றுவார்கள். மலைமேலே ஏலக்காய்த் தோட்டத்துச் சமபாதையில் மறுபடி அவர் ஏறிக்கொள்வார். "மடக்குனா கனம் கொறஞ்சிருமாக்கும்?" என்று நீ என்னிடம் சிரிப்பாய்.

அந்த ஐப்பசி மழையில் வார் ஊறி நெகிழ்ந்திருந்தது.

"கங்காணியண்ணே, வாரு நழுவுது. எறக்கிக் கட்டித் தாங்க."

"தொர முன்னால போயிட்டாரு. வெரசா நட."

வளைவில் வார் அவிழ்ந்தது. மடங்கியிருந்த பாதி விசிறி விரிந்து, உன்னையும் இழுத்துக்கொண்டு சரிவில் விழுந்தது. பின்னால் சுமந்து வந்த அரிசி மூட்டையைப் போட்டுவிட்டு நான் ஓடிவந்தேன். துரை திரும்பிவந்து ஏதோ கேட்டார். கங்காணி அதைத் தமிழில் கத்தினான்: "சைக்கிளுக்கு என்னாச்சுன்னு மொதல்ல பாருங்கடா!"

இருந்தது ஒரே கயிறு. அதில் முதலில் சைக்கிள் மேலே வந்தது. கீழே நீ "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான் இறங்கப் போனேன். கங்காணி கழியைக் குறுக்கே நீட்டினான். கயிறு மறுபடி இறங்கியபோது உன் குரல் நின்றிருந்தது. துரை சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சீமையிலிருந்து புதியது வந்தது. வாருக்குப் பதில் இரும்புக் கொக்கி. கனமும் குறைவு. "பழசுல வாருதான் கோளாறாம். தொரையே சொல்லிட்டாரு," என்றான் கங்காணி. உன் சாவைப் பற்றித் தோட்டத்தில் பேசப்பட்டது அவ்வளவுதான்.

அதைச் சுமக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். "ஒங்கக்கா பாத்த சோலிதானேடா." ஆத்தாவுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும், சுமந்தேன். நீ விழுந்த வளைவில் நின்று வண்டியை உலுக்கிப் பார்த்தேன். கொக்கி அசையவில்லை. தலைக்கு இலேசாகவும் இருந்தது, அக்கா. நல்ல வண்டிதான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாகியும் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.