மச்சாளின் ரெண்டரை மணித்தியாலம்

1996 மார்ச் 3, ஞாயிறு

மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. இவருடைய அக்கா பாரிஸிலிருந்து இத்தாலிக்கு, எங்களிடம் வந்து மூன்றாம் நாள். மச்சாள் என்று முழுதாக எழுத மை வீண், ம. போதும். நேரில்தான் மரியாதை, இங்கே 'அவள்'.

காலையில் வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கினோம். மூக்கைப் பொத்தியபடி வந்தாள். சமைத்த பிறகு மூன்று துண்டு தின்றாள்.

சாப்பிட்டு முடிய விஷயத்துக்கு வந்தாள். தன்னுடையது பிள்ளை இல்லாத வீடாம். எங்கள் துஷியை அங்கே விட்டால் நல்ல பள்ளிக்கூடம், தமிழ் வகுப்பு, டான்ஸ். ஏழு வயதுப் பிள்ளை!

"என்ன பெரிய தூரமே, வனிதா? பிளேனிலை ரெண்டரை மணித்தியாலம். நினைச்ச உடனை வந்து பாக்கலாம்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் முன்னமே கதைத்து முடித்துவிட்டார்கள் என்று விளங்கியது.

மார்ச் 5, செவ்வாய்

வெயில். பொலிதேயாமா பக்கம் நான் துப்புரவு வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா வீட்டில் ஜன்னல், வெள்ளிச் சாமான் துடைத்தேன். சவர்க்காரம் முடிந்தது, சொல்ல வேண்டும்.

பாரிஸ் எவ்வளவு தூரம் என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்கூட வராதாம். "அது ஒரு தூரமா?" என்று சிரித்தாள். சப்பாத்து வாங்கவே பாரிஸுக்குப் போய் வருகிறவள்.

இங்கே தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்து குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில் கிடக்கிறது. அது கைக்கு வராமல் வெளியே போனால் திரும்பி இத்தாலிக்குள் விடமாட்டார்கள். பிள்ளையை அனுப்பினால் எனக்கு அது எத்தனை மணித்தியாலம்?

மார்ச் 6, புதன்

காற்று. என்னிடம் ஒரு சொல் கேட்காமல் இவரும் ம.வும் துஷிக்கு டிக்கெட் எடுக்கப் போனார்கள். வெறுங்கையோடு வந்தார்கள். துஷிக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை, பெயர் என்னுடையதில் பதிந்திருக்கிறது. நான் இல்லாமல் ஏற்றமாட்டார்களாம். நல்லது.

இவர்: "ரோமிலை தூதரகத்திலை தனியா எடுக்கலாமாம். உம்மடை கையெழுத்து வேணும்."

"வைக்கமாட்டன்."

ம.: "பெத்தா மட்டும் போதுமே? இந்தப் பிரான்காச்சோ ஏழைத் தெரு மாடியிலை கிடந்து பிள்ளை என்னத்தைக் காணப்போகுது?"

எனக்கு வந்த கோபம்! "ரெண்டரை மணித்தியாலம் தானே, மச்சாள். போன வருஷம் உங்கடை தம்பி கால் முறிஞ்சு படுக்கையிலை கிடந்தார். ஒருக்கால் வந்தனீங்களோ? பிள்ளை வேணும் எண்ட உடனைதான் தூரம் குறைஞ்சதோ?"

அழுதாள். இவர் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போனார். கறி அடிப்பிடித்தது.

மார்ச் 8, வெள்ளி

ம. புறப்பாடு. பெண்கள் தினமாம், தெருவெல்லாம் இங்கே பெண்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் மிமோசாப் பூ. எனக்கு ஒருவரும் தரவில்லை.

நால்வரும் பஸ்ஸில் விமான நிலையம். துஷியின் முதுகில் பள்ளிப் பை, நல்ல கனம். அங்கே திறந்து பார்த்தேன். இரவு உடுப்பு, பிரஷ், கரடிப் பொம்மை. தானே அடுக்கியிருக்கிறாள்.

"எங்கை போறீர்?"

"அத்தையோடை. நோன் வோலியோ, எனக்கு விருப்பமில்லை, இஞ்சை இருக்க மாட்டன். நீங்கள் எந்த நேரமும் கத்துறியள், மம்மா. அத்தை கத்திறேல்லை."

ம.வின் கோட்டைப் பிடித்தவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது நான்தான். ம. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அழுதிருப்பாள். ஒரு கணம் பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் துஷி தகப்பன் பக்கம். என் கை பட்டால் தட்டிவிடுகிறாள்.

கையெழுத்து வைக்கமாட்டேன். வெறுத்தால் வெறுக்கட்டும். என் வீட்டில் இருந்து, என் சோற்றைத் தின்றுகொண்டு வெறுக்கட்டும்.