சர்க்கரை டப்பா

என்னங்க,

மதிய இடைவேளையில், ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே, "நீ போய் உக்காரு, டீ போட்டுத் தர்றேன்" என்று வாயை அடைத்துவிடுவீர்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன் என்று நேற்றுப் போய்ப் பேசிவிட்டு வந்தீர்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டித் தேய்ந்த முழங்காலோடு இன்னொரு வண்டியா? வேண்டாம்.

நான் வேலையை விட்டால் பணம் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் போனீர்கள். உண்மையில் பணம் போதும். பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் போன வருஷமே கணக்குப் போட்டுப் பார்த்து, "தாராளமா நின்னுக்கலாம்மா, கையைக் கடிக்காது" என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு சமைக்கக் கற்றுக்கொண்டீர்கள். குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை சர்க்கரையைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தேன். "என்ன வேணும், என்கிட்ட கேளேன்" என்றீர்கள், விருந்தாளியிடம் சொல்வது போல. இங்கே ஆஸ்பத்திரியிலோ எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அதனால்தான் பணத்தைச் சாக்குச் சொன்னேன்.

விருப்ப ஓய்வுக்கு இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேன்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நாளைக் காலை டீ நான் போடுகிறேன். சர்க்கரை எங்கே என்று தேடுவேன். நீங்கள் சொல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி