என் கையெழுத்துக்குக் காத்திருந்த பெட்டிகள்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

மேனேஜர் சுகுமாறன் கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார். புதனும் வியாழனும் தெப்ராவில் ஒரு ஹோட்டலில் பயிற்சி. ‘கைசன் அறிமுகம்.’ வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்ப்படுத்துவதாம். மூன்று வாரத்தில் என் பேக்கிங் பிரிவில் ஒரு மாற்றமாவது செய்து காட்ட வேண்டும்.

எதை மாற்றுவது? மருந்துப் பாட்டில் மூடி வருகிறது, எண்ணுகிறோம், பெட்டியில் போடுகிறோம், லோரியில் ஏற்றுகிறோம். அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஸ்டோர் பிரிவுக்குத் தனி சூப்பர்வைசர் வேண்டாம் என்று இருந்தவரை நீக்கிவிட்டார்கள். அடுத்து மற்ற சூப்பர்வைசர்களான எங்களில் யாரோ என்று பேச்சு ஓடுகிறது. இந்த நேரத்தில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினால் அது நல்லதற்கா, கெட்டதற்கா?

வீட்டில் இவரிடம் சொன்னேன். “ரெண்டு நாள் ஹோட்டல் சாப்பாடு. நல்லதுக்குத்தான்” என்றார்.

6 ஆகஸ்ட், புதன்

இத்தனை வயதுக்குப் பிறகு காகிதக் கப்பல் செய்தேன்!

பயிற்சியாளர் பெயர் ஜோனதன். என் தம்பி வயதிருக்கும். மேசைக்கு ஐந்து பேர். நான்கு பேர் மடிக்க வேண்டும், ஐந்தாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரிபார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அது எனக்குக் கை வந்த வேலை.

பத்து நிமிடத்தில் என் முன்னால் பத்தொன்பது கப்பல்கள். மடித்த நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆனா ஒரு தப்பும் போகலையே சார்” என்றேன்.

“தப்பும் போகலை மேடம், கப்பலும் போகலை.”

சிரிப்பு அடங்கவே இல்லை. நானும்தான் சிரித்தேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று சிவப்புச் சீட்டு. எதற்கு இருக்கிறது என்று தெரியாத பொருள்மேல் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு வாரத்துக்குள் உரியவர் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பொருள் வெளியே.

மீந்த சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் பயந்துபோய், “இங்க வேணாம் லா. மொதல்ல என்மேலதான் ஒட்டுவ” என்றார்.

11 ஆகஸ்ட், திங்கள்

காலையில் பிரிவில் எல்லோருக்கும் ஐந்தைந்து சீட்டு கொடுத்தேன். திருவிழா மாதிரி ஓடினார்கள். சுற்றாத விசிறி, மூன்று வருடத்து நாட்காட்டிகள், யாருடையதென்றே தெரியாத ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் — என் பதிவேட்டின்மேல் ஒரு சீட்டு.

என் பதிவேடு!

எட்டு வருடத்துக்கு முன் சிங்கப்பூருக்குப் போக வேண்டிய மூடிகள் மலாக்காவுக்குப் போய்விட்டன. இரண்டும் வெள்ளை, அளவில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதன் பிறகு நானே கோடு போட்டு உருவாக்கிய புத்தகம் அது. காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் நான் கையெழுத்துப் போட்டால்தான் எந்தப் பெட்டியும் வாசலைத் தாண்டும். அதற்காகத்தான் அந்த வருடம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

அதப்போயி எதுக்குன்னு தெரியலையாம். அப்ப நான் எதுக்கு? அதையும் கேட்டு ஒட்டிட வேண்டியதுதானே?

12 ஆகஸ்ட், செவ்வாய்

யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

தனலெட்சுமி தானாகவே வந்தாள். பதினொரு வருடமாக என்னோடு பேக்கிங்கில் இருப்பவள்.

“நான்தான் ஒட்டுனேன் ராணிக்கா. மூஞ்சிய அப்படித் தூக்கி வச்சுக்காதீங்க.”

“ஏண்டி?”

“நீங்கதானே எதுல வேணா ஒட்டலாம்னீங்க? நீங்க மீட்டிங் போனா பெட்டி நிக்குது. நீங்க பல் டாக்டர்கிட்ட போனா பெட்டி நிக்குது. அன்னைக்கு லோரிக்காரன் மூணு டீ குடிச்சான்.”

“தப்பான பெட்டி போனா யார் பதில் சொல்றது?”

“அலமாக், ஐயோ, இப்ப தப்பு எங்கக்கா வருது? உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நாங்களே ரெண்டு தடவ பாத்துடுறோம். உங்க வாய்ல யாரு விழுறது?”

பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரணத்தோடு சொல்கிறேன், பார்.

15 ஆகஸ்ட், வெள்ளி

காரணம் தேடி எட்டு வருடப் பதிவேடுகளையும் மேசையில் அடுக்கினேன். நான் கண்டுபிடித்த தவறுகளை எண்ணினேன். முதல் வருடம் பதினான்கு. ‘பார்த்தாயா!’ என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வருடம் மூன்று. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

பிறகு அந்தப் பக்கம்.

‘31.6.2024. 42 பெட்டிகள். சரி.’ கீழே என் கையெழுத்து, வழக்கமான கோட்டோடு.

ஜூன் முப்பத்தொன்று!

யார் எழுதினார்களோ, தெரியாது. நான் ‘சரி’ என்று போட்டிருக்கிறேன். இல்லாத ஒரு நாளைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழுக்கச் சிரிப்புதானா என்று கேட்டால், தெரியாது.

18 ஆகஸ்ட், திங்கள்

கடிகாரத்தோடு ஒரு பெட்டியின் பின்னாலேயே நடந்தேன். மூடி எண்ணிப் பெட்டியை ஒட்ட நான்கு நிமிடம். என் கையெழுத்துக்காக நின்றது இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இதைச் சொன்னால் என் வேலைக்கே நான் சீட்டு ஒட்டியது போல. வேறு ஏதாவது காட்டலாமா? விசிறியை மாற்றினோம், அலமாரியை அடுக்கினோம் என்று? கைதட்டுவார்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

எனக்குத் தெரியுமே.

21 ஆகஸ்ட், வியாழன்

தனலெட்சுமியைக் கூப்பிட்டு ஜூன் முப்பத்தொன்றைக் காட்டினேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். கையெழுத்து இல்லாமல் மூடி கலக்காமல் இருக்க என்ன வழி?

வழி அவளுடையதுதான். சிங்கப்பூர் மூடிக்கு நீலத் தட்டு, நீல டேப். மலாக்காவுக்கு மஞ்சள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அந்தந்த மூடியின் அளவுக்குத் தகுந்த ஒரு துளை. பெரிய மூடி அதில் நுழையாது, சின்ன மூடி ஆடும். எடுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

மேனேஜரிடம் சொல்லிவிட்டு இரண்டு நாளாகப் பரிசோதனை. பெட்டிகள் ஒட்டியதும் போகின்றன. ஒன்றும் கலக்கவில்லை. பதினொரு மணிக்கு என் கை தானாகப் பேனாவைத் தேடியது.

29 ஆகஸ்ட், வெள்ளி

பயிற்சிக்கு வந்த எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஜூன் முப்பத்தொன்றையும் திரையில் போட்டேன். அறையே அதிர்ந்தது. ஜோனதன் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

சுகுமாறன் மட்டும் சிரிக்கவில்லை. “கையெழுத்து வேணாம்னா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார்.

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று வாரமாகப் பயந்தேன். ஆனால் வாய் தானாகப் பேசியது: “இனிமே பெட்டியப் பாப்பேன் சார். இவ்வளவு நாளா புத்தகத்ததான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

குறித்துக்கொண்டார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

மேனேஜரிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் இல்லை.

12 செப்டம்பர், வெள்ளி

விடுப்பு. லாயாங் லாயாங்கில் தங்கை மலர் வீட்டில் இருக்கிறேன். நாள்கிழமை, காய்ச்சல் எதுவும் இல்லாமல் சும்மா எடுத்த விடுப்பு. எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

பதினொன்றுக்குப் போனைப் பார்த்தேன். பதினொன்றே காலுக்கும் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. பொறுக்க முடியாமல் நானே தனலெட்சுமியைக் கூப்பிட்டேன்.

“என்னக்கா, லீவுல போயி கூப்பிடுறீங்க? லோரி பத்து மணிக்கே போயிடுச்சு.”

“எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு இருக்கு. ஆங், மேனேஜர் சொல்லச் சொன்னாரு. திங்கக்கெழமலேந்து நீங்க மூடி வார்க்குற மோல்டிங் பிரிவையும் சேத்துப் பாக்கணுமாம். அவங்க பெட்டி எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சுக் குடுக்கணுமாம். இப்ப போன வைங்க, எனக்கு வேல இருக்கு.”

வைத்துவிட்டாள்.

மலர் மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில், மூன்று மணி வரை தூங்கினேன்.