சேஸியில் இருந்த விரிசல்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிக் குழாய் ஒழுகுவதை நான் இன்னும் சரிசெய்யவில்லை, அதற்குத் தினமும் திட்டு வாங்குகிறேன். கடை வியாபாரம் சுமார்.

எழுத வந்தது நம் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி. இரண்டு மாதமாக ஸ்டீயரிங் லொடலொடவென்று இருந்தது, நேர் ரோட்டில்கூட வண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைந்தது, நாலு விரல் அகலம் திருப்பின பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். மெக்கானிக் முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் மூட்டு தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாற்றினார், ஆட்டம் பாதிகூடக் குறையவில்லை. அப்புறம், ஸ்டீயரிங் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பெட்டியே போய்விட்டது என்றார். புதுப் பெட்டி வர ஒரு மாதம் ஆகும் என்றதால், அதற்குள் நானே ஒரு தடவை பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். இஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கை மட்டும் இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு டார்ச்சோடு அடியில் படுத்தேன். அம்மா சல்லடை சலிக்கிற மாதிரி ஒரே சீராக ஆட்டினாள். மேலிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துக்கொண்டே வந்தேன், தண்டு சரி, தண்டின் இணைப்பு சரி, பெட்டியில் வந்து கை நின்றது. பெட்டிக்குள் ஆட்டம் இல்லை, பெட்டியே ஆடியது. அதை வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு பிடிக்கும் போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. சேற்றையும் கிரீஸையும் சுரண்டிப் பார்த்தால், போல்ட் ஓட்டையை ஒட்டிச் சேஸி இரும்பே ஒரு விரல் நீளத்துக்கு விரிந்திருந்தது, அம்மா திருப்பத் திருப்ப அது வாய் திறந்து மூடியது.

வெல்டரைக் கூட்டிவந்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, விரிசலுக்குள் கறுப்புப் பெயிண்ட் இறங்கியிருக்கிறதே, எப்போது அடித்தது என்று கேட்டார். சேஸிக்கு நாம் பெயிண்ட் அடித்தது ஒரே தடவைதான், ஏழு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர்த் தொட்டி வளைவில் நீ வண்டியைப் பள்ளத்தில் இறக்கினபோது. இறக்கினாய் என்று எழுதிவிட்டேன், ஏழு வருஷப் பழக்கம். விழுந்த அதிர்ச்சியில் விரிசல் விட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவர் பெயிண்டை உளியால் பெயர்த்துக் காட்டினார், அடியில் துரு செதில் செதிலாக இருந்தது. வண்டி விழுந்த ஆறாம் நாள் பெயிண்ட் அடித்தாயிற்று, ஆறு நாளில் அவ்வளவு துரு ஏறாது. "பள்ளத்துல விழறதுக்கு ரொம்ப முன்னாடியே விட்டிருக்கு அண்ணே, தாங்காத பாரம் ஏத்தினது. அப்போ பாரம் ஏறினா மட்டும் வாய் திறந்திருக்கும், இப்போ சும்மாவே திறக்குது" என்றார். சிமெண்டும் டைல்ஸும் ஏற்றியது யார் என்று உனக்குத் தெரியும்.

வண்டி விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே தம்பியின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, நான் திருப்பினேன், அது திரும்பல" என்றாய். வண்டி மேல் பழி போடாதே என்றேன். அப்புறம் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் என் மகள் கவனமில்லாமல் ஓட்டினாள் என்று சொன்னேன். அதன்பிறகு நீ எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெல்டர் பார்த்துச் சொன்ன அன்று மத்தியானம் சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலை நிமிராமல், "எனக்குத் தெரியும்ப்பா. பக்கத்துல உக்காந்திருந்தேன். அக்கா முழுசாத் திருப்பினா. நான் அன்னிக்கே சொன்னேன், நீங்க கேக்கல" என்றான். அவன் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பான். அவளுக்கு எழுதுங்கள் என்று அம்மா சொன்னாள்.

வெல்டர் கனமான தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டார், இப்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. பாரத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு நடையாக அனுப்புகிறேன். அன்று வீட்டுக்கு வந்தவர்களிடம் போய் விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறேன், முதலில் உன் பெரியப்பா வீடு, அடுத்தது டைல்ஸ் மேஸ்திரி. மேஸ்திரிக்கு அந்த விபத்தே மறந்துவிட்டது, இருந்தாலும் உட்காரவைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது. உன்னுடையது இல்லை.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே, கூட யாராவது வரட்டும். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. அம்மாவுக்குப் போன் பண்ணும்போது, உனக்குத் தோன்றினால், என்னிடமும் கொடுக்கச் சொல். நான் பக்கத்திலேதான் உட்கார்ந்திருப்பேன், எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா