கூதலுக்குச் சாத்திய கதவு

மாமா,

இன்று காலை உங்கள் மகன் அடுப்படியில் நின்று குழிக்கரண்டியில் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து, அதில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மார்கழிக் குளிரில் சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளுமாம். அந்த வாசம் படுக்கையறைக்குள் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையோடு அப்படியே எழுந்து போனேன். பச்சைக்குழந்தைக்குக் கற்பூரம் ஆகாது என்று டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். தன் அப்பா தனக்குப் போட்டதுதானே என்றார். அதற்காகத்தான் கொட்டச் சொல்கிறேன் என்றேன். கொட்டிவிட்டார். ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தும் வாசம் போகவில்லை. நீங்கள் எந்தக் காலத்தில் சொன்னவுடன் போயிருக்கிறீர்கள்?

செத்துப்போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் அழுதுகொண்டே எழுதுவார்கள். நான் அழவில்லை. ஆடியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை, உங்கள் சொந்தபந்தமெல்லாம் அதைக் கவனித்தது. போனவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்று உங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள். சரி, உங்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உங்களிடமே பேசிவிடுகிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. கணபதியில் பம்ப் கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்ணை, அதுவும் தலைமுறை தலைமுறையாக உங்களைப் போன்றவர்களின் காட்டில் களையெடுத்த வீட்டுப் பெண்ணை, உங்கள் மகன் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டது உங்களுக்கு மானக்கேடு. அது எனக்குப் புரிந்தது. ஒரு வகையில் அது நேர்மையான கோபம், அதோடு நான் வாழ்ந்திருப்பேன். ஆனால் எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒரு மூட்டைத் தேங்காயும் ஒரு தார் கதலியும் எடுத்துக்கொண்டு எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "ஏனுங்க அம்மிணி, சௌக்கியமுங்களா" என்றீர்கள். உங்கள் வாயில் வந்த அந்த மரியாதையைக் கேட்டு நான் ஏமாந்துபோனேன். எனக்குத் தாய் இல்லை, பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. காரமடையைத் தாண்டி உள்ளே இருக்கும் உங்கள் தோட்டத்துக்கு வரச் சொன்னீர்கள். எங்கப்பா பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவர், ஒற்றை அறையில் இருக்கிறவர். அவர்தான் என்னைப் போகச் சொன்னார். பெரிய மனசு உங்களுக்கு என்றார்.

பெரிய மனசு எத்தனை பெரிது என்று எங்கப்பா முதல் தடவை தோட்டத்துக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள். காபி பேப்பர் கப்பில் போனது. வீட்டில் எல்லோருக்கும் சில்வர் டம்ளர் இருக்க, அலமாரியில் ஒரு கட்டுப் பேப்பர் கப் எதற்கென்று நான் அதுவரை யோசித்ததில்லை. பால்காரருக்கும் உரக்கடைக்காரருக்கும் டம்ளரில்தான் கொடுப்பீர்கள். எங்கப்பா குடித்துவிட்டு, கப்பைக் கசக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், உங்கள் வாசலில் குப்பை போடக்கூடாது என்று. தெருவில் போகிற யாரையும் நீ என்று கூப்பிடாத நீங்கள் அவரை மட்டும் "வாப்பா, போப்பா" என்றீர்கள். அவரோ சம்பந்தி என்று ஒரு தடவையும் வாயெடுத்ததில்லை. கூலிக்குப் போனவர்கள் நிலத்துக்காரரைக் கூப்பிட்ட அந்தப் பழைய வார்த்தையையே பிடித்துக்கொண்டிருந்தார். பண்ணாடி.

சேனை விஷயத்துக்கு வருகிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுச் சேனை வைப்பவரின் குணம் அந்தக் குழந்தைக்கு வரும் என்று நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நம்புவார்கள். உங்கள் வீட்டிலும் நம்பினீர்கள், எங்கள் வீட்டிலும் நம்பினோம். அந்த ஒன்றில் மட்டும் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. என் பிள்ளைக்கு எங்கப்பாதான் வைக்க வேண்டும் என்று இருந்தேன். அம்மா போன பிறகு என்னை ஒரு வார்த்தை அதட்டாமல் வளர்த்த மனுஷர். அவருடைய பொறுமை என் பிள்ளைக்கு வரட்டும் என்று ஆசைப்பட்டேன். உங்கள் மகனிடம் சொன்னேன், அவர் சரி என்றார். உங்களிடமும் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பெரியவள் பிறந்த அன்று விடியற்காலையே எங்கப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து என்னை அறைக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மலைக்காற்று வராண்டாவில் ஊதிக்கொண்டிருந்தது. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததும், நீங்கள் வாங்கிக்கொண்டு, கதவோரம் நின்றவரைப் பார்த்து, "ஓடிப்போயி பிளாஸ்க்குல சுடுதண்ணி வாங்கிட்டு வாப்பா" என்றீர்கள். அவர் ஓடினார். நிஜமாகவே ஓடினார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்குவதற்குள் உங்கள் சட்டைப்பையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வைத்த சின்ன டப்பா வெளியே வந்தது. தாய்ப்பால் தவிர ஒன்றும் தரக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்ததற்குக் கீழேயே நின்று விரலைத் தொட்டு வைத்தீர்கள். மருந்து மயக்கத்தில் எனக்கு நாக்கு புரளவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

எங்கப்பா பிளாஸ்க்கோடு வந்து நின்றார். என்ன நடந்தது என்று டப்பாவைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வேட்டி மடிப்பில் தேன் பாட்டில் இருந்தது. நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கூட்டுப் பிள்ளைக்கு யாரு கொணம் வரோணும்னு ஒண்ணு இருக்குதல்லோ" என்றீர்கள்.

அவர் சொன்னது ஒரே வார்த்தை. "சரிங்க பண்ணாடி."

உங்களை நான் வெறுக்கத் தொடங்கியது அந்த "சரிங்க"வுக்காக, மாமா. நீங்கள் சொன்னதற்காகக்கூட இல்லை.

அப்புறம் அந்தக் குளிர்காலம். உங்களுக்குக் கிடைத்த நல்ல சாக்கு அது. பிள்ளைக்குக் கூதல் ஆகாது என்று வீட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்தினீர்கள். கதவுக்கடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தீர்கள். பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா, கைக்கு உறை, காலுக்கு உறை. மின்விசிறி போட்டால் உங்கள் முகம் மாறும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எழுதக் கசக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்ட உங்களுக்குத் தெரிந்திருந்தது. பெண்டாட்டியை இழந்துவிட்டு மகனைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த ஆள். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, அதில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முழங்கையில் தண்ணீரின் சூடு பார்த்து ஊற்றுவீர்கள். உங்கள் கையில் அவள் அழுததே இல்லை. என் கையில் அழுதாள். நீங்கள் அதைச் சரியாகச் செய்யாமல் இருந்திருந்தால் உங்களை வெறுப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கப்பா லீவு நாளில் வருவார். பெருந்துறையிலிருந்து ரெண்டு பஸ் மாறி, பின்னே மண்பாதையில் நடந்து வருவார். வெளியே கூதக்காத்து, கதவைத் திறக்கக்கூடாது என்பீர்கள். குழந்தையை உள்ளேயிருந்து ஜன்னல் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டச் சொல்வீர்கள். அவர் வெளியே நின்று கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார். அதே கதவு உங்கள் பங்காளிகள் வந்தால் திறக்கும். உரக்கடைக்காரர் பிள்ளை பார்க்க வந்தபோது திறந்தது. அவர்களோடெல்லாம் கூதல் வராது போலிருக்கிறது. உங்கள் மகனிடம் சொன்னால், வயசானவர், விடு என்பார். எங்கப்பாவுக்கும்தான் வயசாகியிருந்தது.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தையல் வலியோடு எழுந்து, தாழ்ப்பாளைத் திறந்து, பிள்ளையைக் கொண்டுபோய் எங்கப்பா மடியில் வைத்தேன். வெயில் ஏறியிருந்த நேரம்தான். அவர் கையைத் தூக்கவே பயந்தார். உங்களைத்தான் பார்த்தார். நீங்கள் வாசற்படியில் நின்று ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு நாளில் அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குட்டி மூக்கில் குழாய் வைத்து அவள் படுத்திருந்ததைப் பார்த்தபடி நான் கட்டிலோரம் நின்றிருக்க, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த ஆள் வந்து தொட்டதில் வந்தது என்று சொன்னீர்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்பது. ஒரு வாரமாகத் துண்டைப் பொத்தி இருமிக்கொண்டு, தினமும் காலையில் அவளை மடியில் போட்டுக் குளிப்பாட்டியது யார்? டாக்டர் கேட்டதும் நீங்கள் வராண்டாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொண்டதே உங்கள் இருமலைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கணபதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நான் ஒரு நாளும் தங்கவில்லை.

பெரியவளுக்கு இப்போது ஏழு வயது. உங்களைப் பார்க்கப் பொங்கலுக்கும் தேருக்கும் வந்தபோதெல்லாம் உங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும். அதே நெற்றி. அதே பிடிவாதம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள். பேசும்போது குரல் உயராது, ஆனால் எதிரில் இருப்பவர் எழுந்துவிடுவார். வகுப்பில் மற்ற பிள்ளைகளை வேலை வாங்குகிறாள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னார். சேனை வைத்தவர் குணம் என்று உங்கள் வீட்டார் சொல்லும்போது நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். சர்க்கரைத் தண்ணீரில் குணம் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு வருடமாக அவள் முகத்தில் உங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். இதுவும் நீங்கள் செய்த வேலைதான்.

இந்த மார்கழியில் சின்னவன் பிறந்தான். இந்த முறை நான் விழித்திருந்தேன். டாக்டர் சொன்னது நினைவிருந்ததால் தேனும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று, என் பாலையே சொட்டுச் சொட்டாகப் பாலாடைச் சங்கில் பீய்ச்சி வைத்திருந்தேன். எங்கப்பா பக்கத்திலேயே நின்றார். தொட்டு வையுங்கள் என்றேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம் சாமி. பண்ணாடி ஊட்டுப் பிள்ளை. அவங்க இல்லீன்னாலும் அவங்க சொந்தத்துல யாராச்சும் வெக்கட்டும்" என்றார்.

நீங்கள் செத்து அஞ்சு மாதம் ஆகியிருந்தது. அப்போதும் அந்த அறையில் நீங்கள்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் கெஞ்சினேன். உங்கள் மகன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். எங்கப்பா கதவு வரைக்கும் போய்விட்டார்.

பெரியவள் நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டாள். இடுப்பில் கை வைத்தாள். "அப்புச்சி, இங்க வந்து உக்காருங்க. நீங்கதான் வெக்கோணும்" என்றாள். குரல் உயரவில்லை.

எங்கப்பா நின்றார், திரும்பினார். "சரிங்க அம்மிணி" என்றார்.

வந்து உட்கார்ந்தார். பாலில் விரலைத் தொட்டு என் மகன் நாக்கில் வைத்தார். அவன் சப்புக்கொட்டினான். எங்கப்பா அழுதார், நானும் அழுதேன். நீங்கள் வைத்த சேனையே உங்கள் கட்டளையை உடைத்துவிட்டது, பார்த்தீர்களா என்று உங்களிடம் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த சந்தோஷத்தைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. மகள் கெஞ்சியபோது அசையாத மனுஷர், அந்தக் குரலைக் கேட்டதும் உட்கார்ந்தார். உங்களுக்குச் சொன்ன அதே "சரிங்க"வை ஏழு வயதுப் பேத்திக்குச் சொன்னார். அவர் ஆசைப்பட்டு வைக்கவில்லை மாமா. சொன்னதைச் செய்தார்.

பெரியவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்புச்சியிடம் அப்படிப் பேசக்கூடாது, கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ கேட்டே. அவரு வெக்கலையே" என்றாள்.

உங்களிடம் என்றால் ஆயிரம் பதில் வைத்திருக்கிறேன். அவளிடம் கத்த முடியாது, கதவைத் திறந்துகொண்டு கணபதிக்குப் போய்விடவும் முடியாது. தலை வாரிவிட்டுக்கொண்டே, சோறு ஊட்டிக்கொண்டே, முத்தம் கொடுத்துக்கொண்டேதான் அவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. உங்களோடு போட்டு முடிக்காத சண்டையை என் மகளோடு அன்பாகப் போடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன் மாமா, இதற்கு உங்களை மன்னிக்க மாட்டேன்.