பசுந்தாங் வீட்டு ஜன்னல்கள்

1926 பிப்ரவரி 9, செவ்வாய்

ஆபீசுக்குக் கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "கமலம், ஜன்னலையெல்லாம் மாத்தணும். மழைக்கு முந்தி மாத்திடணும்." கார்த்திகைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

கூடத்து ஜன்னல் இருந்த இடத்தில் அவர் அடித்த பலகைகள் அப்படியே இருக்கின்றன. பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். எனக்கு வெளிச்சம் எதற்கு?

பலகைக்கு அந்தப் பக்கம் தெரு, அதைத் தாண்டி ஓடை. சம்பான் படகுக்காரர்கள் கத்திக்கொண்டு போகிறார்கள். இந்தப் பர்மா ஊர் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல் இடுக்கு வழியாக வந்து பாயில் படிகிறது. கூட்டுகிறேன். மறுபடியும் படிகிறது.

பிப்ரவரி 12, வெள்ளி

ஒருதரம் எழுதிவிடுகிறேன். எழுதினால் மண்டைக்குள் ஓடுவது கொஞ்சம் நிற்குமோ என்னவோ.

கார்த்திகையில் எங்கள் வள்ளிக்கண்ணுவுக்கு நாலு வயது முடிந்திருந்தது. சாயங்காலமானால் மேல்மாடிக் கூடத்து ஜன்னலில் நின்றுகொண்டு அப்பா வருகிறாரா என்று பார்ப்பாள். தெருமுனையில் தலை தெரிந்ததும் ஒரு கூச்சல். அன்றைக்கும் "அப்பா" என்று கூப்பிட்டது அடுப்படியில் எனக்குக் கேட்டது. அடுத்தது ஒன்றும் கேட்கவில்லை. மரம் முறிந்த சத்தம்கூட இல்லை. அவள் சாய்ந்திருந்த ஜன்னல் சட்டம் அவளோடு கீழே போய்விட்டது.

நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். கையில் அவளுக்கு வாங்கின பேரிக்காயோடு வந்துகொண்டிருந்தவர் பார்த்தார்.

அந்தச் சட்டம் வெளியே நீலப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. பிறகு நான் விரலால் குத்தினேன். விரல் பாதி உள்ளே போனது. உள்ளே முழுக்கச் செல்லரித்திருந்தது. இந்த வீட்டை வாங்கும்போதே பெயிண்ட் அடித்துத்தான் கொடுத்தார்கள். எத்தனை நாளாக அரித்ததோ, யாருக்குத் தெரியும்?

எழுதிவிட்டேன். நிற்கவில்லை.

பிப்ரவரி 17, புதன்

வீட்டுத் தரகர் அப்பாசாமி வந்திருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜன்னல் மாற்றுவது எங்களுக்காக இல்லை. வீட்டை விற்பதற்கு.

தரகர் போனதும் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"தின்கன்ஜூன்ல வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கேன். தரையோட தரையா இருக்கு. மாடி கிடையாது."

"அவ இருந்த வீடு இது."

"நான் தினமும் அந்த ரோட்டுலதானே வரணும், கமலம்."

ஆனாலும் கோபம் போகவில்லை. அவர் மறக்கத்தான் ஓடுகிறார். எனக்கு மறக்க வேண்டாம். சுவரில் அவள் கரியால் கிறுக்கின கோழி இருக்கிறது. அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டா போக முடியும்?

பிப்ரவரி 18

சமைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 27, சனி

அப்பாசாமி சொன்ன கடைக்குப் போனோம். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது அதற்கப்புறம் இன்றைக்குத்தான். டிராமில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தோம்.

கடையில் செய்து வைத்த ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. எல்லாம் பச்சை, நீலம், மஞ்சள். தரகரும் கூட வந்து இவரிடம் சொன்னார். "குழந்தைவேலு, இதையே எடுத்துப் போடுங்க. அஞ்சு ஜன்னலுக்கும் சேர்த்துச் சல்லிசா முடிஞ்சிரும். வாங்கறவன் அறுத்தா பார்க்கப்போறான்? பெயிண்ட் பளிச்சுனு இருந்தா போதும்."

இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கொண்டையிலிருந்த ஊசியை உருவி ஒரு ஜன்னலின் அடிச்சட்டத்தில் குத்தினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அடுத்ததில் குத்தினேன். அதிலும் இறங்கியது. கடைக்காரன், "என்னம்மா, சாமானைக் கெடுக்கிறியே!" என்று சத்தம் போட்டான். நான் நிறுத்தவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது... இவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"நாமதான் போகப்போறோமே," என்றார் மெதுவாக.

"நாம போயிடுவோம். வர்றவங்களுக்குப் பிள்ளை இருக்காதா?"

அவர் கையை விட்டுவிட்டார். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

மார்ச் 1, திங்கள்

கண்ணாடி போடலாமா என்று தரகர் சொல்லி அனுப்பினார். பார்வைக்கு நன்றாக இருக்குமாம். வேண்டாம் என்றேன். ஒரு பந்து பட்டால் உடையும். உடைந்த கண்ணாடியில் பிள்ளைகள் கை வைக்கும். நான் பேசுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. யார் பிள்ளைக்காக?

மார்ச் 6, சனி

ஓடைக்கரையில் கருப்பையா என்பவரின் கிடங்கு. இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் வாங்கி விற்கிறார். யாரோ வெள்ளைக்காரர் பங்களா ஒன்றை இடித்து வந்த தேக்கு ஜன்னல்கள் கிடந்தன. பெயிண்ட் உரிந்து, கீல் துருப்பிடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஜன்னல் கதவுகளில் சாய்ந்த பலகைகள் அடுக்கியிருக்கின்றன. மழை உள்ளே வராது, காற்று வரும். ஊசியால் குத்தினேன். நுனி வளைந்துவிட்டது. சட்டத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு பாரம் முழுக்கப் போட்டுத் தொங்கினேன். கருப்பையா சிரித்தார். "யானையைக் கட்டினாலும் தாங்கும்மா. துருப்பிடிச்ச கீலை மட்டும் மாத்திக்கணும்."

பழசானாலும் தேக்கு தேக்குதான். எங்கள் கைக்கு மூன்றுதான் எட்டும். இவர் தயங்கினார், மீதி இரண்டுக்கு என்ன செய்வது என்று. பின்பக்கத்து இரண்டையும் பலகை வைத்து அடைத்துவிடலாம் என்றேன். ஐந்து மட்டமான ஜன்னலைவிட மூன்று நல்ல ஜன்னல் போதும்.

"கம்பி போடணுமா?" என்று கேட்டார் கருப்பையா.

"போடணும். குறுக்கே வேண்டாம். பிள்ளை ஏணி மாதிரி கால் வச்சு ஏறிடும். நெட்டுக்கம்பியா போடுங்க."

"எவ்வளவு இடைவெளி விடட்டும்?"

எனக்கு அங்குலக் கணக்கு தெரியாது. "தலை நுழையக் கூடாது," என்றேன்.

"எந்த வயசுப் பிள்ளைம்மா?"

"நாலு."

"நாலு வயசுன்னா எவ்வளவு இருக்கும்?" என்று அவர் அளவுகோலை நீட்டினார். நான் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் நின்றது. எண்ணெய் தேய்க்கும்போது பிடிப்பேனே, அந்த அளவு. காதுக்குப் பக்கத்தில் விரல் வரும் இடம்கூடத் தெரிந்தது. கருப்பையா என் கைகளுக்கு நடுவில் கோலை வைத்து அளந்தார். "இதுல பாதிக்கும் கம்மியா விடறேன்மா," என்றார். கையைக் கீழே இறக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே நின்றேன். நடுவில் ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். அடுக்கி வைத்த கதவுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாயில் மேல்துண்டைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எடுக்கும்போது அழவில்லை, காரியத்தன்று அழவில்லை. நான்கூட மனசுக்குள் கல்லு கல்லு என்று திட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னைப் பார்த்துதான் கமலம் சாஞ்சா... என்னைப் பார்த்துதான் சிரிச்சா."

"தெரியும்."

"நான் ஒரு நிமிஷம் பிந்தி வந்திருந்தா?"

துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். கருப்பையா அந்தப் பக்கமே வரவில்லை.

மார்ச் 7

தின்கன்ஜூன் போகச் சம்மதம் என்று சொன்னேன்.

மார்ச் 19, வெள்ளி

கூடத்துப் பலகைகளைப் பிடுங்கினார்கள். ஆணி ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வந்தது. வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது. வள்ளிக்கண்ணு உட்கார்ந்து விளையாடுகிற மூலையில் வெயில். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் மூன்று ஜன்னலும் நின்றுவிட்டன. புதுக் கீல், நெட்டுக்கம்பி. இவர் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

மார்ச் 27, சனி

வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அப்துல் ரவூப், பசுந்தாங் சந்தையில் மளிகைக்கடை. மனைவி நூர் பீவி. தண்ணீர் கொடுத்தேன். "நோன்பு, அக்கா," என்று சிரித்தாள். கறிவேப்பிலை வைக்க இடமிருக்கிறதா என்று கேட்டாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்பாசாமி முன்னாடியே என்னிடம் சொல்லியிருந்தார்: "நடந்ததைச் சொல்லிடாதீங்கம்மா. சொன்னா வீடு போகாது." வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அவள் கூடத்து ஜன்னலைத் தடவிப் பார்த்து, "வீடு பழசா இருக்கு, ஜன்னலை மட்டும் இவ்வளவு உறுதியா போட்டிருக்கீங்களே, ஏன்க்கா?" என்று கேட்டாள். "உங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்றேன். "ஒரே பொண்ணு. கரீமா. மூணு வயசு."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். தரகர் என்னைப் பார்த்த பார்வை! இவர் மட்டும், "சொன்னதுதான் சரி," என்றார்.

ஏப்ரல் 4, ஞாயிறு

நூர் பீவி தனியாக வந்தாள். மேலே போய்க் கூடத்து ஜன்னலில் நான் கிடங்கில் தொங்கின மாதிரியே தொங்கிப் பார்த்தாள். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மத்த வீடெல்லாம் போய்ப் பார்த்தேன்க்கா. எதுலயும் யாரும் ஒண்ணும் சொல்லல. பயமா இருந்துச்சு. இங்க எனக்குப் பயமில்ல."

வீடு விலை பேசி முடிந்துவிட்டது.

ஏப்ரல் 29, வியாழன்

சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. சுவரில் இருக்கிற கோழியைத் துடைக்கலாமா என்று தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். துடைக்கவில்லை. அவர்களே வெள்ளையடிக்கட்டும். என் கையால் வேண்டாம்.

தெருமுனை திரும்பும்போது இவர் தலை குனிந்துகொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன்.

மே 22, சனி

மழை பிடித்துக்கொண்டது. தின்கன்ஜூன் வீட்டில் தவளைச் சத்தம். இவருக்கு இப்போது கொஞ்சம் தூக்கம் வருகிறது. எனக்கு இல்லை.

பின்வாசல் சாவி ஒன்று என் பெட்டியிலேயே வந்துவிட்டிருந்தது. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனேன். அனுப்பியிருக்கலாம், ஆள் இல்லாமல் இல்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது.

நூர் பீவி மேலே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். வெளியே நல்ல மழை. கதவு சாத்தியிருந்த இரண்டு ஜன்னலிலும் சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை, காற்று மட்டும் வந்தது. கூடத்து ஜன்னல் கதவை மட்டும் திறந்துவிட்டிருந்தாள். பேசிக்கொண்டே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அப்போது கரீமா உள்ளிருந்து ஓடிவந்து ஒரு பெட்டி மேல் ஏறி, அங்கிருந்து ஜன்னல் கட்டையில் ஏறி நின்றாள். இரண்டு கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, ஓடையில் போகிற சம்பான்காரனைப் பர்மியப் பாஷையில் கூப்பிட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். தேத்தண்ணி சேலையில் கொட்டியது.

நூர் பீவி தலையைக்கூடத் தூக்கவில்லை. "அவ அப்படித்தான்க்கா, நாளெல்லாம் அதுலதான் கெடப்பா. நீங்க ஒக்காருங்க," என்று சொல்லிக்கொண்டே அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

பிள்ளை மறுபடி உலுக்கினாள். முழுப் பாரத்தையும் போட்டு முன்னால் சாய்ந்தாள். நெற்றி கம்பியில் இடித்தது. சிரித்தாள்.

உட்கார்ந்தேன். மிச்சத்தைக் குடித்தேன். அவள் இறங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாவியை வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இவர் வாசலில் நின்றிருந்தார். நனைந்திருந்த என்னைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினார். எங்கே போனேன் என்று அவருக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"உறுதியா இருக்கு," என்றேன்.

தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.